குழந்தையின் இதயத்தில் ஓட்டை: நான் செய்த தப்பா?

வாசகர் கேள்வி:

எனக்கு 27 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். கணவர் என் சொந்த அத்தை மகன். எங்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிறக்கும்போது 2.9 கிலோ இருந்தாள், இப்போது 4.6 கிலோதான். பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்க்கிறது. இரண்டு நிமிடம் குடித்துவிட்டு மூச்சு வாங்குகிறாள். எக்கோ எடுத்துப் பார்த்து, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றுதான் சொன்னார்கள். அத்தை என்னைத்தான் குற்றம் சொல்கிறார். நாள் தள்ளிப்போன புதிதில் பப்பாளி சாப்பிட்டேனாம், ஆறாம் மாதம் கிரகணத்தன்று மாடிக்குத் துணி எடுக்கப் போனேனாம், எட்டாம் மாதம் வரை ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போனேனாம். கர்ப்பம் என்று தெரியாமல் காய்ச்சலுக்கு இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டேன். ஏழாம் மாதத்தில் சுகர் கொஞ்சம் அதிகம் என்றார்கள். இதில் எது காரணம் டாக்டர்? சொந்தத்தில் கட்டியதாலா? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? கணவர் எதுவும் பேசுவதில்லை. எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. பெயர் வேண்டாம்.

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் இதயத்தில் இருக்கும் ஓட்டைக்கு நீங்கள் சாப்பிட்டதோ, போன இடமோ, ஓட்டிய வண்டியோ காரணம் இல்லை. உங்கள் மனம் ஆறட்டும் என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.

குழந்தையின் இதயம் எப்போது உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இது தெரிந்துவிட்டால் உங்கள் அத்தை சொல்லும் காரணங்களில் பாதி தானாகவே விழுந்துவிடும். கரு உண்டான மூன்றாவது வாரத்தில் இதயம் வெறும் ஒரு குழாயாகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 22ஆம் நாள் அந்தக் குழாய் துடிக்க ஆரம்பிக்கிறது. பிறகு அது வளைந்து, மடிந்து, உள்ளே சுவர்கள் எழும்பி, எட்டாவது வார முடிவுக்குள் நான்கு அறைகளும் வால்வுகளும் பெரிய ரத்தக் குழாய்களும் கொண்ட முழு இதயமாகிவிடுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் பத்து வாரம், அதாவது இரண்டரை மாதம். அதற்குப் பிறகு இதயம் பெரிதாக வளர்கிறதே தவிர, புதிதாகச் சுவர் கட்டுவதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாள் தள்ளிப்போய், ஒரு பத்து நாள் பொறுத்து, அட்டையில் இரண்டு கோடு பார்த்திருப்பீர்கள். அந்தக் காலையில் உங்கள் மகளின் இதயம் ஏற்கெனவே துடிக்கத் தொடங்கியிருக்கும்.

கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் எழும்பும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். அடியிலிருந்து தசைச் சுவர் ஒன்று மேல்நோக்கி எழும்பும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் திசு வளர்ந்து இறங்கி அதைத் தொடும். வீடு கட்டும்போது சுவர் எழுப்பிக்கொண்டே போய், பீமுக்குக் கீழே ஒரு சந்தைக் கடைசியாக அடைப்பார்கள் இல்லையா? அதுபோல இந்தச் சுவரிலும் மேல்பக்கம் ஒரு சின்ன இடம் கடைசியாகத்தான் மூடும். கீழறை ஓட்டைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அங்கே வந்து சேர வேண்டிய செல்கள் கொஞ்சம் குறைந்தாலோ, ஓரிரு நாள் பிந்தினாலோ சந்து அப்படியே நின்றுவிடும். சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு இதயத்தில், சில நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும் வேலை அது.

இப்போது கிரகணத்துக்கு வருவோம். ஆறாம் மாதத்தில் நீங்கள் மாடி ஏறியபோது உங்கள் மகளின் இதயம் கட்டி முடித்து ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருந்தது. இருந்த சுவரில் வெளியே தெரிந்த நிழல் எப்படி ஓட்டை போடும்? இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாடு இது. எந்த ஒரு கிரகணத்தன்றும் இந்த நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் இருப்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வயலில், சாலையில், கட்டட வேலையில் வெட்டவெளியில்தான் நின்றிருப்பார்கள். கிரகணம் இதயத்தைப் பாதிக்கும் என்றால், அடுத்த சில மாதங்களில் எங்கள் எக்கோ அறைகள் நிரம்பி வழிய வேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கிரகணம் வந்தாலும் வராவிட்டாலும் ஏறத்தாழ நூறு குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இதயக் குறையோடு பிறக்கிறது. நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். அதில் மிக அதிகமாகக் காணப்படுவது உங்கள் மகளுக்கு இருக்கும் இந்தக் கீழறை ஓட்டைதான். நீங்கள் தனியாக இல்லை, சகோதரி.

ஸ்கூட்டிக்கும் இதே பதில்தான். குலுங்குவதால் இதயத்தின் சுவர் விலகாது. குழந்தை பனிக்குட நீருக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணி வண்டியில் போகும்போது நாங்கள் கவலைப்படுவது விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக மட்டும்தான்.

பப்பாளி கொஞ்சம் வேறு. அது ஆரம்ப நாட்களில் நடந்தது என்பதால் காலக் கணக்கை வைத்து அதை ஒதுக்க முடியாது. ஆனால் பப்பாளிப் பழத்துக்கும் இதய ஓட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பப்பாளிக் காயின் பால் கருப்பையைச் சுருங்க வைக்கும் என்ற பயம் பழையது, அதனால் காயைத் தவிர்க்கச் சொல்கிறோம். அந்தப் பயமும் கருக்கலைவைப் பற்றியது, இதயத்தைப் பற்றியது இல்லை. காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமாலும் வழக்கமான அளவில் கர்ப்பிணிகளுக்கு நாங்களே எழுதிக் கொடுப்பதுதான். சொல்லப்போனால், கருவின் ஆரம்ப வாரங்களில் கடுமையான காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதுதான் நல்லதில்லை. காய்ச்சலுக்கும் சில பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தெரியாமலேயே நீங்கள் சரியானதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

சுகரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை மட்டும் ஒரு வரியில் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் உண்மையான காரணங்களின் பட்டியலில் சர்க்கரைக்கு முக்கியமான இடம் உண்டு. கர்ப்பமாகும் முன்பே ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் இருந்து, அது கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால், குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு நூறில் ஒன்று என்பதிலிருந்து நூறில் மூன்று முதல் ஐந்து வரை கூடுகிறது. இதயம் உருவாகும் அந்த முதல் எட்டு வாரத்தில் ரத்தத்தில் ஓடும் அதிகச் சர்க்கரைதான் செல்களின் வேலையைக் குலைக்கிறது. உங்களுக்கு வந்ததோ ஏழாம் மாதத்தில். கர்ப்பகாலச் சர்க்கரை பொதுவாக 24 வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். அதனால் குழந்தையின் எடை கூடலாம், பிரசவத்தில் சிரமம் வரலாம், ஆனால் எப்போதோ கட்டி முடிந்த சுவரை அது தொடாது.

ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். சில பெண்களுக்கு முன்பே சர்க்கரை இருந்து, யாரும் பரிசோதிக்காமல் விட்டு, கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவரும். உங்கள் கர்ப்பகால அட்டையில் முதல் மூன்று மாதத்தில் பார்த்த சர்க்கரை அளவு எழுதியிருக்கும். எடுத்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சர்க்கரையும் பட்டியலிலிருந்து போய்விட்டது. எப்படியிருந்தாலும் இப்போது ஒருமுறை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வந்துவிடும் வாய்ப்பு அதிகம். அடுத்த கர்ப்பத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

சரி, இவை எதுவும் இல்லையென்றால் வேறு எதுதான் காரணம்?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்தில் தவறாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், ஒரு தாய் இதையே கேட்டார். "காரணம் தெரியாதும்மா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டேன். மூன்று வருடம் கழித்து அதே தாய், ஆபரேஷன் முடிந்து நன்றாக ஓடியாடும் மகனோடு வந்தபோது, "நான் பெற்ற பாவம், இவன் மேலே விழுந்துவிட்டது" என்றார். மூன்று வருடமும் அந்த நினைப்போடுதான் அவர் இருந்திருக்கிறார். காரணம் தெரியாது என்று மருத்துவர் கை விரித்தால், கேட்டவர் சும்மா போய்விட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், ஜோசியர் என்று யார் சொன்னாலும் அதை எடுத்துக்கொள்வார். அதிலிருந்து இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் உட்கார்ந்து பேசித்தான் அனுப்புகிறேன்.

இதயக் குறையோடு பிறக்கும் நூறு குழந்தைகளில் எழுபது, எண்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை விரலால் தொட்டுக் காட்ட முடியாது. பல மரபணுக்களில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள், கருவைச் சுற்றியிருக்கும் சூழல், அதோடு செல்கள் நகரும்போது நேரும் தற்செயல், இவையெல்லாம் ஒன்றுசேரும்போதுதான் குறை ஏற்படுகிறது. தற்செயல் என்று சொன்னால் தப்பிக்கிற பேச்சாகத் தோன்றலாம். அதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் குழந்தைகளை எங்களிடம் கொண்டுவருவார்கள். ஒரே மரபணு, ஒரே வயிறு, அம்மா சாப்பிட்ட ஒரே சாப்பாடு, ஒரே கிரகணம், ஒரே வண்டி. ஆனால் பெரும்பாலும் ஒரு குழந்தைக்கு இதயத்தில் குறை இருக்கும், மற்றதற்கு இருக்காது. தாய் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? அத்தை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மீதி இருபது, முப்பது குழந்தைகளுக்குக் காரணம் சொல்ல முடியும். அதில் பெரும்பங்கு மரபணு சம்பந்தப்பட்டது, அல்லது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் சம்பந்தப்பட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும். 22ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப்போவதால் வரும் குறை இன்னொன்று. அதில் இதயத்திலிருந்து வெளியே போகும் பெரிய குழாய்கள் சரியாக அமையாது, கூடவே அண்ணத்தில் பிளவு, கால்சியம் குறைவு, அடிக்கடி தொற்று எல்லாம் வரலாம். இப்படிப்பட்ட மாற்றங்களும் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமும் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்பவைதான். யார் மேலும் பழி போட இடமில்லை. உங்கள் மகளின் முகம், கண், விரல்கள், அண்ணம், காது கேட்கும் திறன், வளர்ச்சி இவற்றில் ஏதாவது சந்தேகம் இருந்தால் மருத்துவர் குரோமோசோம் பரிசோதனை சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் ஒருமுறை கேளுங்கள். அவள் நன்றாகச் சிரிக்கிறாள், முகம் பார்க்கிறாள், கழுத்து நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது.

சொந்தத்தில் கட்டியதாலா என்று கேட்டீர்கள். இதற்கு நேர்மையான பதில், கொஞ்சம் தொடர்பு இருக்கிறது என்பதுதான். நம் ஊரில் பலர் இதைக் காதில் வாங்கவே தயங்குகிறார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள்தான் நடந்திருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் செய்துகொள்ளும்போது, இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே மரபணு இரண்டு வழியாகவும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனையே கட்டினால் எட்டில் ஒன்று. தனியாக இருந்தால் ஒன்றும் செய்யாத சில மரபணுக்கள் இப்படி ஜோடியாகச் சேரும்போது குறை காட்டும். எல்லா வகைப் பிறவிக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், பொதுவாக நூறில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்கு வரும் குறை, அத்தை மகன், மாமன் மகள் உறவில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதயக் குறையும் அதற்குள் அடக்கம்.

ஆனால் இந்த எண்ணை மறுபக்கமும் படியுங்கள். இரட்டிப்பானாலும் நூறில் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஐந்து குழந்தைகள் நலமாகத்தான் பிறக்கின்றன. உங்கள் மகளுக்கு ஓட்டை வந்தது உறவுத் திருமணத்தால்தான் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இதே ஓட்டையோடு குழந்தைகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணத்தை நீங்கள் மட்டும் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்தது அது. அதன் பலன் என்று ஏதாவது இருந்தாலும் உங்கள் ஒருத்தியின் தலையில் ஏற்றுவது நியாயமே இல்லை. குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. ஆனால் ஓட்டை என்று தெரிந்த நாளில் எல்லோரும் அம்மாவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் என்ன சாப்பிட்டார், எங்கே போனார் என்று தோண்டுகிறார்கள். அப்பா சிகரெட் பிடிப்பாரா, அவர் குடும்பத்தில் சின்ன வயதில் இதயக் கோளாறால் இறந்தவர்கள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்போம்.

தாய்மார்களின் ஞாபகத்தையும் பாட்டிமார்களின் கேள்விகளையும் நான் அலட்சியப்படுத்துவதாக நினைத்துவிடாதீர்கள். இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று தாய்மார்களின் பேச்சிலிருந்துதான் வந்தது. 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த பச்சிளங்குழந்தைகள் திடீரென்று அதிகம் வருவதைக் கவனித்தார். காத்திருக்கும் இடத்தில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்ததாகச் சொல்வார்கள்: கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எங்களுக்கு ரூபெல்லா அம்மை வந்தது என்று. அவர் ஒவ்வொருவரையும் விசாரித்து, 78 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்தார். அதில் 68 தாய்மார்களுக்கு ரூபெல்லா வந்திருந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு இதயத்திலும் குறை இருந்தது. தாயின் உடலில் லேசாக வந்துபோகும் ஒரு வைரஸ், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் கண்ணையும் இதயத்தையும் காதையும் தாக்கும் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

இதை உங்களுக்கு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். உடம்பில் தடிப்போடு பள்ளிக்கு வரும் குழந்தைகள் நடுவில்தான் உங்கள் நாள் போகும். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் போட்டார்கள். உங்கள் வயதுக்காரர்கள் அப்போது அந்த வரம்பைத் தாண்டிவிட்டிருந்தீர்கள். சின்ன வயதில் தனியாக எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) ஊசி போட்டிருந்தால் சரி, இல்லையென்றால் உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரியாது. உங்கள் மகளுக்கு வந்திருப்பது ரூபெல்லாவால் வருவது போன்ற குறை இல்லை. அது பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே, மூடாமல் நிற்கும் ஒரு குழாயாகவோ நுரையீரல் குழாயில் சுருக்கமாகவோ இருக்கும், கண்ணும் காதும் கூடவே பாதிக்கப்படும். ஆனால் அடுத்த குழந்தைக்காக நீங்கள் செய்யக்கூடிய மிக உறுதியான காரியம் இந்த ஊசிதான். கர்ப்பத்தில் போடக் கூடாது. கர்ப்பமாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும்போது போடலாம், தடையில்லை.

மருந்துகளிலும் சில உண்மையாகவே ஆபத்தானவை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், மனநல சிகிச்சையில் கொடுக்கும் லித்தியம், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகள், இவற்றையெல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து, அதை மட்டும் செய்யாதீர்கள். பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தில் வரும் சூரணம், லேகியம் எதையும் அந்த நாட்களில் தொட வேண்டாம். ஆண் குழந்தை பிறக்கும் என்று சொல்லிக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். ஹரியானாவில் இப்படிப்பட்ட மருந்துகளை ஆராய்ந்தபோது பிறவிக் குறைகளோடு தொடர்பு தெரிந்தது. முதல் குழந்தை பெண், அதுவும் இதயத்தில் ஓட்டை என்றிருக்கும் வீட்டில் யாராவது அன்பாகவே கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

மது, சிகரெட் உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் யாராவது புகைத்தால் வெளியே போகச் சொல்லுங்கள். தாயின் உடல் எடை மிக அதிகமாக இருப்பதும், சில மூட்டுவாத நோய்களும், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயும்கூட குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஸ்கேன் ஏன் காட்டவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் அது யாருடைய கவனக்குறைவும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்தின் வலது, இடது அறைகளில் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நடுவில் ஓட்டை இருந்தாலும் அதன் வழியாக ரத்தம் வேகமாகப் பாயாது, ஸ்கேனில் பளிச்சென்று தெரியாது. பிறந்த பிறகும் நுரையீரலில் அழுத்தம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். நான்கு, ஆறு வாரம் ஆனபிறகுதான் ரத்தம் அதிகமாக நுரையீரலுக்குப் பாய்ந்து, வியர்வை, மூச்சுவாங்கல், எடை ஏறாமை எல்லாம் வெளியே தெரியும். முதல் மாதம் நன்றாகத்தானே இருந்தாள் என்று எல்லாத் தாய்மார்களும் சொல்வது இதனால்தான்.

அடுத்த குழந்தையைப் பற்றி. முதல் குழந்தைக்கு இப்படி ஒரு ஓட்டை இருந்தால் அடுத்ததற்கும் ஏதாவது இதயக் குறை வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூறில் மூன்று. நீங்கள் உறவில் கட்டியவர்கள் என்பதால் அது கொஞ்சம் கூடலாம். உங்கள் இருவரில் யாருக்காவது பிறவியிலேயே இதயக் குறை இருந்தாலும் கூடும், அதனால் இருவரும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் வேறு குழந்தைகளுக்கும் குறை இருந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே, இரண்டு மூன்று மாதம் முன்னதாக, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும் என்பது உறுதி, இதயத்துக்கும் கொஞ்சம் உதவலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால், மேலே சொன்ன கணக்குப்படி, தாமதமாகிவிடும். பிறகு 18 முதல் 22 வாரத்துக்குள், வழக்கமான ஸ்கேனோடு நிறுத்தாமல், குழந்தையின் இதயத்துக்கென்றே செய்யும் ஃபீட்டல் எக்கோவையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பிறகு. இப்போது உங்கள் மகள்தான் முக்கியம். சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும் என்பது உண்மை. யாராவது அதைச் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். 7 மில்லிமீட்டர் ஓட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, எடை ஏறாமல் இருக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் அங்கிருக்கும் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அந்தக் கட்டம் தாண்டினால் ஓட்டையை மூடவே முடியாமல் போகும். நல்ல மாதம் பார்க்கிறோம், காது குத்திவிட்டு வருகிறோம் என்று தவணை சொல்லாமல், மருத்துவர் குறித்த தேதியில் போய்விடுங்கள். நல்ல அனுபவமுள்ள மையங்களில் இந்த ஆபரேஷன் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்திரமாக முடிகிறது. அப்புறம் எடை ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. அட்டை இல்லையென்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். அதுவரை கொடுத்த சிரப்பை வேளை தவறாமல் கொடுங்கள். ஒரேயடியாகப் பால் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். களைத்துப்போனால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். தடுப்பூசி எதையும் விட வேண்டாம். பால் குடிக்கவே மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா ஓரம் குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. தம்பி, இந்தப் பதிலை நீங்களும் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அம்மா பேத்தி மேல் இருக்கும் பாசத்திலும் பயத்திலும்தான் காரணம் தேடுகிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பேசும்போது நீங்கள் பேசாமல் இருந்தால், உங்கள் மனைவி அதை நீங்களும் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். அடுத்த எக்கோவுக்கு நீங்களும் கூடப் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரையில் அந்தச் சுவரையும் அது மூடாமல் நின்ற இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். அது எந்த வாரத்தில் நின்றது என்று அம்மாவையே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் நீங்கள் எழுந்து தோளில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி ஐந்து மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.